மழை நிரபராதி

மலாக்காவில் ஒரு தமிழ் வீட்டு டிவித் திரையின் நடுவே அந்தச் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தால், அரை நிமிடத்துக்குள் மூன்று தீர்ப்புகள் வந்துவிடும். பாட்டி வாசலை எட்டிப் பார்த்து, "மழ வரப் போவுது, அதான் லைன் இல்ல" என்பார். அப்பா, "காசு மட்டும் கரெக்டா வாங்குறான்" என்று கம்பெனியைச் சாடுவார். வேலைக்குப் போகும் பிள்ளை, இதைவிடப் பெரிய பிளானுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்பான். மூவரும் மூன்று திசையில் கையைக் காட்டுகிறார்கள், ஆனால் மூன்றுமே வீட்டுக்கு வெளியே இருக்கிற திசைகள். வட்டம் சுற்றுவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த மூவரும் உட்கார்ந்திருக்கும் ஹாலுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி. இந்தக் கட்சிக்கு எந்த வீட்டிலும் ஓட்டு விழாது. தப்பு வெளியே இருக்கும்வரை யாரும் சோபாவை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. மழைமீது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பகை உண்டு. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்ட மாநிலம் இது. பால்மரம் வெட்டுகிறவருக்கு மழை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். மரம் நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டு வழியே, அதைப் பிடிக்கும் மங்குக்கு வராமல் பட்டையெல்லாம் பரவி ஓடிவிடும். பிறகு, 1963 டிசம்பர் 28இல் இந்த நாட்டில் தொலைக்காட்சி வந்தது. ஜாசின், அசஹான் பக்கத்து வீடுகளின் கூரைமேல் நின்ற மீன்முள் ஏரியல்கள், ஒளிபரப்புக் கோபுரம் இருந்த லேடாங் மலையை நோக்கித் தவம் கிடந்தன. காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் தவம் கலையும். ஒருவர் தகரக் கூரைமேல் ஏறி "இப்ப?" என்பார், ஹாலிலிருந்து "தெரியுது!" என்று பதில் வரும். கையை எடுத்ததும் "போச்சு!" என்பார்கள். 1996இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி வந்தபோது ஏரியல் போய்த் தட்டு வந்தது, ஆனால் எதிரி மாறவில்லை. செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான், அதனால் பெரும் மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். அத்தனை தூரமும் வழிமறிப்பார் இல்லாமல் வந்த படம், கடைசிச் சில கிலோமீட்டரில் செங் வட்டாரத்து மழையில் மாட்டிக்கொள்ளும். ஆக, பால்வெட்டிலும் ஏரியலிலும் தட்டிலும் மழை குற்றவாளிதான். பழைய குற்றவாளியைப் புது வழக்கிலும் பிடித்துப் போடுவது போலீஸ் மட்டும் செய்கிற காரியமல்ல.

ஆனால், புது வழக்கின் சங்கதி வேறு. 2010இல் யூனிஃபை இணையச் சேவை தொடங்கியது முதல் நம் தாமான்களுக்கு வந்து சேர்ந்திருப்பது கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது ஒளி. வெளியே ஆயர் குரோவே மிதந்தாலும் உள்ளே ஓடும் ஒளி நனையாது. மழை நிரபராதி. இடிக்கு இந்த விடுதலை கிடையாது. மின்னல் தாக்கி மோடம் கருகுவது இங்கே பலர் அறிந்த துக்கம். அதற்குப் பயந்துதான் வானம் இருட்டியதும் பாட்டி வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மழை விட்டதும் பிளக்கை மாட்டினால் டிவி முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடும். ரிமோட்டில் அணைத்தால் இன்றைய டிவி அணைவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய செயலிகளின் மிச்சம் மீதியெல்லாம் அதன் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினால் மூளை கழுவப்படும். எந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டாலும் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதான். பாட்டி அதை இலவசமாகச் செய்துவிட்டு, பழியை மட்டும் மழைமேல் போடுகிறார்.

அடுத்தது கணக்கு. முழு எச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. வீட்டில் 100 மெகாபிட் பிளான் இருந்தால் ஆறு டிவியில் ஒரே நேரத்தில் 4கே படம் ஓட்டலாம். ஆறு டிவி வைத்திருக்கும் வீட்டார் இந்தக் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. அப்படியானால் ஒரே ஒரு டிவியில் ஒரே ஒரு தமிழ்ப் படம் ஏன் திணறுகிறது? பால்மரம் வெட்டிய கைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மரத்தில் பால் இருக்கிறது, மங்கில் இல்லை என்றால் அவர் இன்னொரு மரம் வாங்கப் போக மாட்டார், நடுவில் எங்கே வழிகிறது என்று பார்ப்பார். பெரிய பிளானுக்கு மாறுவது இன்னொரு மரம் வாங்குகிற கதை. பிளானில் எழுதியிருக்கும் வேகம் மோடம் வரைக்கும்தான். மோடத்துக்கும் டிவிக்கும் நடுவே இருக்கும் இருபது அடிக் காற்றுக்கு எந்தக் கம்பெனியும் கையெழுத்துப் போடவில்லை.

அந்த இருபது அடியில் நாம் என்னென்ன வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். மோடம் அழகாக இல்லை என்பதால் அதை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்போம். தூசி படாமலிருக்க மேலே பூப்போட்ட துணி. மூச்சு முட்டிச் சூடேறும் அந்தப் பெட்டிக்கு வலப்பக்கம் அஸ்ட்ரோ பெட்டி, இடப்பக்கம் அரோவானா மீன் தொட்டி. வைஃபை அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும், ஆகையால் சீரியலில் பாதியை மீன்தான் பார்க்கிறது. எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால், அதன் பின்பூச்சு அலையைத் திருப்பி அனுப்பும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அதன் அலை, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையிலேயே குறுக்கே வரும். நேற்றைய குழம்பைச் சூடாக்கும் இரண்டு நிமிடமும் கதாநாயகன் வாயைத் திறந்தபடி நிற்பது இதனால்தான். இது போதாதென்று நாம் குடியிருப்பது வரிசை வீடு. அந்த 2.4 பாதையில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் மூன்றே மூன்று. ஒரு வரிசையில் இருபது வீட்டு மோடமும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்தால், பள்ளி விடுமுறையில் ஆயர் குரோ டோல் சாவடி மாதிரிதான். பக்கத்திலேயே 5 கிகாஹெர்ட்ஸ் என்றொரு அகலமான சாலை காலியாகக் கிடக்கிறது. சுவரைத் தாண்டுவதில் அது கொஞ்சம் நோஞ்சான், ஆனால் ஒரே ஹாலுக்குள் அதுதான் ராஜா. டிவி காட்டும் வைஃபை பெயர்ப்பட்டியலில், வால் பகுதியில் 5 என்று போட்டு உங்கள் மோடத்தின் இரண்டாவது பெயர் ஒன்று பல வீடுகளில் இருக்கும். பலருடைய டிவி அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"அதெல்லாம் சரி, அதே சோபாவில் உட்கார்ந்து போனில் பார்த்தால் நன்றாக ஓடுகிறதே?" என்று ஒரு தடை வரும். நியாயமான தடைதான், அதற்கு மூன்று பதில் உண்டு. கைக்குள் அடங்கும் திரைக்கு டிவி அளவுக்கு விவரம் அனுப்ப வேண்டியதில்லை. வைஃபை மங்கினால் போன் சத்தமில்லாமல் சிம் கார்டுக்குத் தாவிவிடக்கூடும், டிவிக்குத் தாவ வேறு கிளை இல்லை. மூன்றாவது பதில்தான் முக்கியம். போனை நாம் கையில் பிடித்து அறியாமலேயே இப்படி அப்படித் திருப்புகிறோம், டிவியோ தன் வைஃபை ஏரியலை முதுகில் ஒளித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறது. அறுபதுகளில் கூரையேறி ஏரியலைத் திருப்பிய இனம், இன்று மோடத்தை அலமாரியிலிருந்து ஒரு முழம் வெளியே இழுக்கத் தயங்குகிறது.

சண்டைக் காட்சியில் மட்டும் சுற்றுகிறதே, இது கம்பெனிக்காரன் சதிதானே என்போரும் உண்டு. சதி இல்லை. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை, முந்திய காட்சியிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பப் பார்க்கும். அம்மா தூணில் சாய்ந்து அழும்போது கண்ணீர் மட்டும்தான் நகர்கிறது, செலவு குறைவு. கதாநாயகன் முப்பது பேரைப் பறக்கவிட்டு, புழுதி கிளம்பி, கண்ணாடி நொறுங்கி, மேலிருந்து பூவும் கொட்டினால் திரையின் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அந்த நேரம் பார்த்து மெகாபிட் அதிகம் தேவைப்படும். அலமாரிக்குள் முனகிக்கொண்டிருக்கும் மோடம் அம்மா சென்டிமென்டுக்குத் தாக்குப்பிடிக்கும், கிளைமாக்ஸுக்குத் தாங்காது.

இந்த வாதமெல்லாம் டவுனுக்குத்தான், தோட்டத்துக்கு இது செல்லாது என்றால் அதில் உண்மை இருக்கிறது. கண்ணாடி இழை எட்டாத தோட்ட வீடுகளில் சிம் கார்டு போட்ட 4ஜி மோடம்தான் கதி. பால்மரம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. வளர்ந்த செம்பனையின் மட்டைகள் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே திரை போட்டதுபோல் நிற்கும், இலை நனைந்தால் அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். இந்த ஒரு வழக்கில் மட்டும் பாட்டி ஜெயிக்கிறார், மழைக்கு இங்கே பாதித் தண்டனை உண்டு. ஆனால், தகரக் கூரைக்குக் கீழே பீரோவுக்குப் பின்னால் மோடத்தை வைத்தது மழையல்லவே. கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம், முடிந்தவரை உயரத்தில் வைத்தால் கிடைக்கும் வித்தியாசத்துக்கு யாரிடமும் மனு எழுத வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மட்டும் மந்தமாகி, அதிகாலையில் பறந்தால் அது ஊரே சேர்ந்து ஒரே கோபுரத்தில் பால் கறக்கும் நேரம். அந்தப் பழி நம் ஹாலுக்குச் சேராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எது உள்ளே, எது வெளியே என்று பிரிக்கும் நீதிபதி ஒரு சாதாரண லேன் வயர். மோடத்துக்கும் டிவிக்கும் நடுவே அதை மாட்டிவிட்டால் மீன் தொட்டி, கண்ணாடி, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வழக்கிலிருந்து விலகிவிடும். பல டிவிகளின் முதுகில் உள்ள துளை நொடிக்கு 100 மெகாபிட்டுக்குமேல் வாங்காது. இருக்கட்டும், நமக்கு வேண்டியது 15தான். வயர் போட்டதும் வட்டம் நின்றால் குற்றவாளி உங்கள் காற்று. நிற்கவில்லையென்றால் டிவி கிழடாகியிருக்க வேண்டும், அல்லது லைனில் உண்மையிலேயே கோளாறு இருக்க வேண்டும். அப்போது கம்பெனிக்குப் போன் போடுங்கள். "லைன் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். "வயர் போட்டுப் பார்த்தேன், இரவு ஒன்பதுக்கு இத்தனை மெகாபிட், காலை ஆறுக்கு இத்தனை" என்று எண்ணோடு சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால், தொடர்பு பல்லூடக ஆணையத்தில் அதே எண்களோடு புகார் கொடுக்கலாம். பத்து மீட்டர் வயரின் விலை, நான்கு பேர் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறுகிற காசுதான். வாங்கப் போகும்போது மோடத்தின் மேலிருக்கும் பூப்போட்ட துணியையும் எடுத்துவிடுங்கள்.