சுஷி வித்வான்

டோக்கியோவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் சுஷி வித்வானாக இருப்பார். நரீத்தா விமான நிலையத்தில் வந்து இறங்கி இரண்டு வருடம் ஆகியிருக்கும். பேச்சைக் கேட்டால் எடோ காலத்திலேயே குடியேறியவரோ என்று தோன்றும். ஊரிலிருந்து புதுப் பையன் ஒருவன் ப்ராஜெக்டில் வந்து சேர்ந்துவிட்டால் போதும், வித்வானுக்கு இருப்புக் கொள்ளாது.

"தம்பி, இன்னும் சுஷி சாப்பிடலையா? சனிக்கிழமை என்கூட வா."

மறுக்க முடியாது. அவர்தான் டீம் லீட்.

சமையற்காரர் எதிரே நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்கும், விலைப்பட்டியலே இல்லாத கவுன்டர் கடைக்கு அவர் கூட்டிப் போகமாட்டார். அங்கே போனால் முதல் வாரத்திலேயே மாசக் கடைசி வந்துவிடும். ஆனால் கின்ஸாவில் பத்தே இருக்கைகள் கொண்ட சுகியபாஷி ஜிரோவைப் பற்றிப் பேசாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கடையின் ஜிரோ ஓனோவைப் பற்றி 2011இல் வெளிவந்த ஆவணப்படத்தைப் பார்த்திருக்கிறார். அந்த உரிமையில் எப்போதும் "நம்ம ஜிரோ" என்றுதான் சொல்வார்.

ஆகவே இருவரும் போய் உட்காருவது தட்டுகள் சுற்றிவரும் கடையில். நம் கல்யாணப் பந்தி மாதிரிதான். வாளிக்குப் பதில் தட்டு, பரிமாறுகிறவருக்குப் பதில் பெல்ட். பையன் வாயைப் பிளந்து பார்க்க, வித்வான் ஆரம்பிப்பார்: "இதெல்லாம் சாமுராய் காலத்து ஏற்பாடு, தம்பி."

உண்மையில் இது 1958இல் வந்தது. ஒசாகா பக்கம் சின்னதாகச் சுஷி கடை நடத்திய யோஷியாகி ஷிராயிஷி, பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் ஊர்ந்து போவதைப் பார்த்தார். பரிமாற ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவருக்குப் பொறி தட்டியது. 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி அதை நாடறியச் செய்தது. சாமுராய்கள் அதற்குள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மேஜை ஓரத்தில் ஒரு குழாய், அதன் கீழே கறுப்பாக ஒரு பொத்தான். புதிதாக வருகிறவன் கை கழுவத்தான் என்று நினைத்துக் கையை நீட்டுவான். "ஐயோ, கையை எடுடா!" என்று அலறுவார் வித்வான். வருவது கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கோப்பையில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு, கோப்பையாலேயே பொத்தானை அழுத்தினால் டீ தயார். கை துடைக்க ஈரத்துண்டு தனியாக உண்டு. வித்வானால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை இந்த அலறல்தான்.

பிறகு சாஸ்திரோபதேசம். "குச்சியாலதான் எடுக்கணும். சோத்துப் பக்கம் தொடாதே, மீன் பக்கம் சோயாவுல தொடு. ஒரே வாயில போடு." பின்னிரண்டும் சரி. முதலாவது அவராகச் சேர்த்துக்கொண்டது. பிடித்து வைத்த சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம்தான். பக்கத்து இருக்கையில் ஒரு ஜப்பானியத் தாத்தா இரண்டு விரலால் எடுத்து நிதானமாக வாயில் போட்டுக்கொண்டிருப்பார். பிறந்ததிலிருந்து கையால் சாப்பிட்டு வளர்ந்த நம் பையனோ குச்சியோடு மல்லுக்கட்டுவான். சோறு உதிர்ந்து சோயாக் கிண்ணத்தில் விழும், மீன் மட்டும் குச்சியில் தொங்கும். வித்வான் தாத்தாவைப் பார்க்கமாட்டார். பார்த்துக் கற்றுக்கொள்ளும் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார்.

சால்மன் தட்டு வரும். "ஆயிரம் வருஷப் பாரம்பரியம்" என்பார். ஒட்டுண்ணிப் புழுவுக்குப் பயந்து ஜப்பானியர் சால்மனைப் பச்சையாகத் தொடாமல் இருந்த காலம் உண்டு. 1980களில் தங்கள் பண்ணை மீனை விற்க வந்த நார்வேக்காரர்கள்தான் அதைச் சுஷியில் ஏற்றினார்கள். வித்வானுக்குப் பிடித்த பாரம்பரியம் அவரைவிடச் சில வயதே மூத்தது.

பையன் சைவம் என்றால் உற்சாகம் இரட்டிப்பாகும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மகி கண்ணுக்கு எதிரே இருந்தாலும், பொரித்த டோஃபு உறைக்குள் சோறு அடைத்த இனாரியைத் தள்ளி, "சுத்த சைவம், நான் கேரண்டி" என்பார். அந்த உறை வழக்கமாக வேகிற சாற்றில் கட்சுவோ மீன் கருவாடு ஊறியிருக்கும் விஷயம் அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. பையன் நன்றியோடு இன்னொன்று கேட்பான்.

தங்க வரி போட்ட தட்டை நோக்கிப் பையனின் கை நீளும்போது மட்டும் வித்வானின் பேச்சு சட்டென்று ஆரோக்கியத்துக்குத் தாவும். "கொழுப்பு மீன் முதல் நாளே வேண்டாம் தம்பி, வயித்துக்கு ஆகாது." இந்தக் கடைகளில் தட்டின் நிறம்தான் விலை, கடைசியில் தட்டுகளை எண்ணித்தான் பில். வித்வானின் கண் மீனில் இருக்காது, தட்டின் விளிம்பில்தான்.

இவ்வளவு நேரமும் அவர் முன்னால் இருக்கும் சூரை மீன் காய்ந்து, ஓரம் கறுத்து, சோறு விறைத்துப் போயிருக்கும். வைத்த கையோடு சாப்பிட வேண்டும் என்பதுதான் சுஷி பிடிக்கிற எந்தச் சமையற்காரரும் முதலில் எதிர்பார்ப்பது. அத்தனை விதியும் தெரிந்த வித்வான் மீறுவது அது ஒன்றைத்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயில் கை வைக்காதீர்கள். பக்கத்து இருக்கைத் தாத்தா செய்வதைச் செய்யுங்கள். சைவக்காரர்கள் கப்பா மகியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிப்ஸ் வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது. வித்வான் கூட வந்தே தீருவார் என்றால் ஜிரோவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் தங்க வரித் தட்டு இரண்டு காலியாகிவிடும்.