ஓரத்தில் நிற்பவர்கள்

எஸ்டேட் குரூப் போட்டோவில் நடுவில் யார் என்பது கேமரா வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். நாற்காலியில் மேனேஜர், பக்கத்தில் கணக்குப்பிள்ளை, மேஸ்திரிகள். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு கோடிகளில். லென்ஸுக்கும் நடுவில்தான் கூர்மை அதிகம். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மங்குவது கோடியில் நிற்கிற முகங்கள்தான். எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் நான் தொழில் கற்ற ஸ்டூடியோவின் மாஸ்டருக்கு இது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம். "மேனேஜர் வீட்ல ஆல்பமே இருக்கு தம்பி. அந்தம்மாவுக்கு ஆயுசுக்கும் இந்த ஒரு படந்தான்" என்பார்.

இருட்டறைக்கு ஏற்காடு பாதி நல்ல ஊர், பாதி பொல்லாத ஊர். டெவலப்பருக்கு வேண்டிய 20 டிகிரி குழாய்த் தண்ணீரிலேயே பல மாதம் கிடைத்துவிடும். கீழே சேலத்தில் அதற்கு ஐஸ் தேட வேண்டும். ஆனால் மழையும் பனிமூட்டமும் சேர்வராயன் மலையை மூடும் மாதங்களில் மரப்பலகை ஈரம் குடித்து உப்பும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். போன கோடையில் சரியாக இருந்த என்லார்ஜர் ஐப்பசியில் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

என்லார்ஜரில் மூன்று தளங்கள். மேலே நெகட்டிவ் தட்டு, இடையில் லென்ஸ் பலகை, கீழே தாள் வைக்கும் அடிப்பலகை. மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மலை வீட்டில் எந்தத் தரை மட்டமாக இருந்தது? தங்களுக்குள் ஒத்துப்போனால் போதும். கொத்தனாரின் ரசமட்டத்தை அடிப்பலகையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று மாஸ்டர் குறித்துக்கொள்வார். மற்ற இரண்டிலும் அது அதே இடத்தில் நிற்க வேண்டும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். விலகினால் திருகைத் தளர்த்தி மெல்லிய தகடு ஒன்றைச் சொருகுவார்.

அதோடு விடமாட்டார். வெளிச்சம் பட்டுக் கறுத்த பிலிம் துண்டில் ஊசியால் மூலைக்கு மூலை கோடு கீறி, தட்டில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து நடுவில் ஃபோகஸ் செய்வார். பிறகு பூதக்கண்ணாடியோடு நான்கு மூலைக்கும் போவார். நான்கும் ஒரேபோல் மங்கினால் லென்ஸின் குணம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் மட்டம் தவறியிருக்கிறது. லென்ஸை எஃப் 8க்குச் சுருக்கினால் சிறிய கோணல் மறைந்துவிடும். அப்படி மறைத்துப் பிரிண்ட் போடுவது அவருக்குப் பொய் சொல்வது மாதிரி.

நெகட்டிவ் தட்டோடுதான் அவர் அதிக நேரம் போராடுவார். 35 மில்லிமீட்டர் நெகட்டிவை எட்டு மடங்கு பெரிதாக்கும்போது, தட்டின் ஒரு ஓரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலும் அந்தப் பக்கத்தின் கூர்மை கீழே 6 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி விழும். மேலே செய்கிற பிழை எட்டெட்டு அறுபத்துநாலாகப் பெருகுகிறது. இது போதாதென்று, விளக்குச் சூட்டில் பிலிம் நடுவில் புடைக்கும். கண்ணாடிக்கு நடுவே வைத்து அழுத்தலாம், ஆனால் பனிக்கால ஈரத்தில் கண்ணாடியும் பிலிமும் ஒட்டிக்கொண்டு வண்ண வளையங்கள் வந்துவிடும். அதனால் விளக்கைப் போட்டு, பிலிம் புடைத்து அடங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் ஃபோகஸ்.

1858இல் அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டைப் படங்களை வெளியிட்ட புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்புக்கு இந்தப் பாடு கிடையாது. அவருடைய காகித நெகட்டிவே படத்தின் அளவு. அதன்மேல் தாளை ஒட்டி வைத்து வெயிலில் காட்டினால் முடிந்தது. நெகட்டிவ் சிறுத்துப்போன பிறகு வந்த வேலை எங்களுடையது.

இப்போது ஏரிக்கரையில் குடும்பம் குடும்பமாக நின்று செல்போனில் எடுத்துக்கொள்கிறார்கள். ஊட்டியில் 'இந்து' பிலிமும் தாளும் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிவிட்டது. எனக்கு வருத்தம் அதற்காக மட்டுமல்ல. எல்லாரையும் அடக்க அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுக்கும்போது, கோடியில் நிற்கிறவர்களின் முகம் பக்கவாட்டில் இழுபடுகிறது. மூலை வரை கூர்மையாக இருக்கிறது, முகம்தான் அவர்களுடையதாக இல்லை. அங்கே நிற்பதும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்: பாட்டி, வேலைக்கு உதவ வந்த பெண், கூட வந்த டிரைவர்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்தடி பின்னால் போங்கள். அகலக் கோணத்தை விட்டு, போனில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதை எடுங்கள். இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கிற அளவு வெற்றிடம் விடுங்கள். போனைச் சாய்க்காமல் நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். எடுத்ததும் நடுவைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். முதலில் இடது கோடி, அடுத்து வலது கோடி.