மூக்கின்ரை நிழல்

வா மோனை, உந்தக் கமராத் தும்பியை இறக்கிப்போட்டு இந்தத் திண்ணையிலை வந்து இரு. காலமை தொடக்கம் முருங்கைக்கு மேலாலை இரைஞ்சுகொண்டு திரியுது. கோழியெல்லாம் பருந்தெண்டு பயந்து அடுப்படிக்கை பூந்திட்டுது. தங்கச்சியின்ரை சாமத்தியவீட்டுக்கு நாலாயிரம் படம் எடுத்தனியாம். அந்தப் பிள்ளை அண்டைக்கு அத்தினை தரம் மூச்சு விட்டிருக்குமோ தெரியாது.

அதிலை பத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, "பழைய காலத்து ஸ்ரைல் அப்பு" எண்டு போனை என்ரை மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தாய். வடிவுதான், குறை சொல்லேல்லை. ஒண்டு கேக்கிறன்: பலாப்பழத்துக்குக் கரி பூசினால் பனம்பழமாகுமே?

நான் படிச்சவன் இல்லை. ஆனால் யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு ஸ்ரூடியோவிலை மூண்டு வருசம் தண்ணி அள்ளினவன். சிரிக்காதை. படம் கழுவுறதிலை பாதி வேலை தண்ணிதான். எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்காலை ஊறி வாறது. அதிலை கடைசியாய் அலசிக் காய விட்டால் நெகட்டிவிலை வெள்ளைப் பொட்டு விழும். அதுக்காக மாரியிலை பீலித் தண்ணியைப் பானையிலை பிடிச்சு வைப்பம். மழைத் தண்ணியிலை அலசின படத்திலை கொப்பாட்டன்மார் பளிச்செண்டு இருந்தினம். நீ ஒரு பொத்தானை அமத்திப் 'பழசு' எண்டு மங்கலாக்கிறாய். ஆக்கு, ஆக்கு.

ஸ்ரூடியோவிலை மூண்டுகால் வைச்ச பெரிய கமரா ஒண்டு. முதலாளி கறுத்தத் துணிக்குள்ளை தலையை விட்டால் கண்ணாடியிலை ஆள் தலைகீழாய்த் தெரியும். ஒருநாள் எனக்கும் பாக்க விட்டவர். முன்னாலை இருந்தது எங்கடை ஊர் விதானையார். அவர் காலை மேலையும் தலைப்பாகையைக் கீழையும் வைச்சுக்கொண்டு நிண்ட காட்சிக்குச் சம்பளமில்லாமலே இன்னும் ஒரு வருசம் தண்ணி அள்ளியிருப்பன்.

பேந்து ரோலிபிளெக்ஸ் வந்துது. நெஞ்சுக்குக் கீழை பிடிச்சு, குனிஞ்சு பாக்கிற பெட்டி. படம் எடுக்கிறவன் கோயிலிலை நிக்கிறவன் மாதிரித் தலை குனிஞ்சு நிக்க வேணும். நீங்கள் இப்ப கையை உசத்திப் பிடிச்சு வாயைக் கோணிக்கொண்டு எடுக்கிறியள். அந்தப் பெட்டியிலை ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஏழாவதிலை மாப்பிள்ளையின்ரை பெரியப்பா கண்ணை மூடினால் அவர் ஆயுசுக்கும் அந்த அல்பத்திலை நித்திரைதான். அதாலை, அமத்த முந்தி முதலாளி ஆளைப் பாப்பார், வெளிச்சத்தைப் பாப்பார், பேந்தும் ஆளைப் பாப்பார். வந்தவர் மூச்சை அடக்கி அடக்கி, களைச்சுப்போய்த் தன்ரை உண்மை முகத்துக்கு வருவார் பார், அப்பத்தான் 'டிக்'.

எங்கடை ஊரிலை படம் எடுக்கிறது லேசுப்பட்ட சோலியே? மலையில்லை, மறைப்பில்லை, உச்சி வெயில். ஆள் நல்ல கறுப்பு, வேட்டி பால் வெள்ளை, பின்னாலை சுண்ணாம்பு அடிச்ச மதில். முகத்துக்கு வெளிச்சம் அளந்தால் வேட்டி எரிஞ்சு போகும். வேட்டிக்கு அளந்தால் முகம் அடிப்பிடிச்ச சட்டி. வடக்குப் பக்கத்துச் சன்னல் வெளிச்சம்தான் நல்லதெண்டு வெள்ளைக்காரன் புத்தகத்திலை எழுதி வைச்சிட்டான். லண்டனுக்கு அது சரி. யாழ்ப்பாணத்திலை சித்திரை தொடக்கம் ஆவணி மட்டும் உச்சிச் சூரியனே வடக்காலைதான் போறார். முதலாளி சன்னலுக்கு வெள்ளைத் துணியைக் கட்டி, அந்த வெயிலைப் பால் வடிக்கிற மாதிரி வடிச்சு எடுப்பார். பழைய பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. ஆச்சியவையின்ரை குங்குமப் பொட்டு அதிலை கறுத்தப் பொட்டாய் விழும். இருட்டறையிலை சிவப்பு லைற் எரிஞ்சதும் அதாலைதான். படம் போடுற கடுதாசிக்கும் சிவப்பு குருடு.

அந்த அறைக்கைதான் மோனை வித்தை. மேலை இருந்து நெகட்டிவ் கடுதாசியிலை விழேக்கை, முதலாளி இடையிலை கையை ஆட்டுவார். கை மறைச்ச இடம் வெளிக்கும், கூட வெளிச்சம் விட்ட இடம் கறுக்கும். நிழல்கூத்துக்காரன் தோத்தான் போ. வெறுங் கடுதாசி மருந்துக்குள்ளை கிடந்து, முதலிலை மீசை வரும், பேந்து கண் வரும். நான் முதல் தரம் கண்ட அண்டைக்குத் தேவாரம் பாடினனான். முதலாளி தலையிலை குட்டினவர்.

அவர் ஒரு புத்தகத்தைத் துணியாலை சுத்தி அலுமாரிக்கை பூட்டி வைச்சிருந்தவர். கொழும்பிலை இருந்த லயனல் வெண்ட் எண்ட பறங்கியரின்ரை படங்கள். அந்த மனுசன் லண்டனிலை சட்டமும் பியானோவும் படிச்சிட்டு வந்து, ரெண்டையும் ஒரு பக்கம் வைச்சிட்டுக் கமராவைத் தூக்கினவர். கொப்பர் மாதிரி ஒரு தேப்பன் இருந்திருந்தால் அடிச்சே கோட்டுக்கு அனுப்பியிருப்பார்! 1934-லை 'சோங் ஒவ் சிலோன்' எண்ட படத்துக்குக் குரல் குடுத்தவர், 1943-லை ஓவியர்மாரோடை சேந்து '43 குழு'வைத் தொடக்கினவர், அடுத்த வருசம் மார்கழியிலை 44 வயசிலை போய்ச் சேந்திட்டார். நெகட்டிவுகளை அழிச்சுப் போட்டினமாம். மிஞ்சின படங்களாலைதான் 1950-லை அந்தப் புத்தகம் வந்தது. அதிலை மீன்பிடிக்கிறவன்ரை முதுகைப் பாக்க வேணும் நீ. வேர்வை, எலும்பு, உப்பு எல்லாம் நிழலாலையே கீறின மாதிரி. எங்கடை சனம் பவுடர் அப்பி ஒளிச்ச கறுப்பை அவர் வெள்ளி மாதிரி மினுக்கி வைச்சிருந்தார். சில படத்தைக் கழுவேக்கை நடுவிலை வெளிச்சத்தைக் காட்டி, உருவத்தைச் சுத்தி ஒரு கோடு ஓட வைச்சிருப்பார். எங்கடை முதலாளியும் ஒருக்கா அப்பிடிச் செய்து பாத்தார், சங்கக்கடை மனேச்சரின்ரை படத்திலை. மனுசன் காசு தரேல்லை.

சினிமாவிலையும் இந்த வித்தை இருந்தது. 'மாயா பஜார்' பாத்தனியே? 1957. அதிலை படகிலை போகேக்கை அடிக்கிற நிலா, மார்கஸ் பார்ட்லி எண்ட கமராக்காரன் செய்த நிலா. நாங்கள் தியேட்டராலை வந்து வானத்தைப் பாத்தம், இது என்ன மங்கல் நிலா எண்டு.

இனி என்ரை கதைக்கு வாறன். 1961. எனக்குப் பொம்பிளை பாக்கினம், படம் அனுப்ப வேணும். முதலாளி இருத்தி எடுத்தார். ரச்சிங் செய்ய ஒரு ஆள் வருவார், காது குத்துற ஊசி மாதிரிச் சீவின பென்சிலோடை. மோனை, உனக்கு இது விளங்க வேணும்: நெகட்டிவிலை நிழல் இருக்கிற இடம் வெறுமையாய் இருக்கும். அதிலை பென்சிலாலை கறுப்பைத் தடவினால் படத்திலை அந்த இடம் வெளிக்கும். ஆளை வெள்ளையாக்க நெகட்டிவிலை கரி பூச வேணும்! எங்கடை கலியாண புறோக்கர்மாரின்ரை தொழிலும் கிட்டத்தட்ட அதுதான். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழை கருவளையம் எல்லாம் அந்தப் பென்சிலாலை நிரவுப்பட்டுப் போகும். கூட வேலை செய்யிற பெடியன் எண்டு என்னிலை இரக்கப்பட்டு, அந்தாள் என்ரை மூக்கின்ரை நிழலையும் நிரவி விட்டிட்டார். இந்த மூக்கை! கீரிமலைக் கேணிக்குப் போனால் எனக்கு முந்தித் தண்ணியிலை படுற மூக்கை!

ஆச்சி அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஓமெண்டவ. மணவறையிலை நிமிந்து ஒருக்காப் பாத்தா. நாலாம் நாள் கேட்டா, "படத்திலை இருந்தவர் உங்கடை தம்பியே?" எண்டு. அறுபது வருசம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிச்சவ. 95 இடப்பெயர்விலை எல்லாத்தையும் விட்டிட்டுத் தென்மராட்சிக்கு நடக்கேக்கை, நான் காணி உறுதியை எடுத்தன், அவ அந்தப் படத்தைச் சீலைக்குள்ளை சொருகிக்கொண்டு வந்தா. மழை அண்டைக்கு. ஒரு மூலை ஊறிச்சுது, முகத்துக்கு ஒண்டும் ஆகேல்லை. ஹைப்போ மருந்து போக வடிவாய்க் கழுவாத படம் மஞ்சளாய்ப் போகும். இது இன்னும் மஞ்சளாகேல்லை. தண்ணி அள்ளினது நான்.

சரி, கதை காணும். உந்தக் கமராவை எடு. என்ரை கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு படம் வேணும், அந்தியேட்டி நேரம் நீங்கள் ஓடித் திரியக் கூடாது. நாலாயிரம் வேண்டாம், ஒண்டு. வெயில் அந்த வேலிக்கு இறங்கட்டும், அது மட்டும் தேத்தண்ணியைக் குடி. கறுப்பு வெள்ளையாக்கிறதெண்டால் ஆக்கு, பல்லு வேணுமெண்டாலும் வைச்சு விடு. மூக்கிலை மட்டும் கை வைக்காதை. அங்கை ஒருத்தி படலையிலை நிண்டு ஆள் தேடுவாள், இந்த முறையாவது அடையாளம் பிடிபட வேணும்.