மைக் பிடித்த ஆடிட்டர்

கேட்ட கேள்விக்கெல்லாம் "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவந்த மனிதர், திடீரென்று வாரம் முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறாரா? சந்தேகமே வேண்டாம், ஆடிட்டர் பாட்காஸ்ட் ஆரம்பித்துவிட்டார். இப்போது தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார்.

ஸ்டூடியோ என்பது ஆபீசின் ரெக்கார்டு ரூம்தான். கூரை வரை அடுக்கிய ஃபைல் கட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும். பழைய வவுச்சர்களால் விளைந்த ஒரே நன்மை! இரைச்சல் பதிவாகிறதென்று ஏ.சி.யை அணைத்துவிடுவார். விருந்தினர் வியர்த்து வழிவது கேட்பவர்களுக்குத் தெரியவா போகிறது? எடிட்டிங் ஆர்ட்டிகிள் பையனின் பொறுப்பு. ஆடிட் கற்க வந்தவன், சாரின் "ஆக்சுவலி"களை வெட்டி வெட்டியே கைதேர்ந்துவிட்டான்.

சிக்கல் எங்கே என்றால், விளம்பரம் செய்து கிளையன்ட் பிடிப்பது 1949ஆம் வருஷத்துப் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். வெப்சைட், அறிமுகக் குறிப்பு என்று பட்டயக் கணக்காளர் இன்ஸ்டிட்யூட் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. அதற்காக "எங்களிடம் வாருங்கள்" என்று கூவ முடியுமா? ஆகவே கிளையன்ட் தேடத் தொடங்கிய நிகழ்ச்சியில், தாம் கிளையன்ட் தேடவில்லை என்று காட்டிக்கொள்வதிலேயே பாதி நேரம் போகிறது. "இது முழுக்க முழுக்க விழிப்புணர்வுக்காக" என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்பார்களே, அதே குரல்.

கேட்பவர்கள் பெரும்பாலும் மற்ற ஆடிட்டர்கள். எங்கே தப்பு விடுகிறார் என்று காத்திருக்கும் தீவிர ரசிகர்கள். கிளையன்ட்களில் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் மட்டும் போன் செய்தார்.

"சார், பேச்சு பிரமாதம்!"

"எந்த எபிசோடு கேட்டீங்க?"

"அது கெடக்கட்டும் சார். என் ரீஃபண்டு எப்ப வரும்?"

ஆனாலும் சார் அசரவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில் 536 பிரிவுகள். பிரிவுக்கு ஓர் எபிசோடு என்றால் பத்து வருஷத்துக்குச் சரக்கு கையிருப்பு. நடுவில் ஜூலை வந்து ரிட்டர்ன் குவிந்தால் நிகழ்ச்சி படுத்துவிடும். அதற்கு 'சீசன் பிரேக்' என்று பெயர்.

உங்கள் ஆடிட்டரும் மைக் வாங்கிவிட்டாரா? பதற வேண்டாம். ரிட்டர்ன் தாக்கலான 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்தாக வேண்டும். அதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.