இருட்டில்லாத ஊரில் கைவிளக்கு

சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் தடைப்படும் நேரம், சராசரியாகக் கணக்கிட்டால், ஆண்டு முழுவதற்கும் ஒரு நிமிஷத்துக்குக் குறைவு என்று அதிகாரிகள் அடக்கமான பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால், வருஷத்துக்கு ஒரு நிமிஷங்கூட முழுசாக வந்து தங்காத அந்தகாரத்தை எதிர்த்துப் போர் புரிவதற்காகச் சையது ஆல்வி ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் ஜாலான் புசாரிலும் கூடை கூடையாகக் குவித்து வைத்திருக்கும் டார்ச் லைட்டுகளை யார் வாங்குகிறார்கள், வாங்கிக்கொண்டுபோய் எந்த இருளை எங்கே கண்டுபிடிக்கிறார்கள் என்னும் விசாரம் வெகுகாலமாக என்னைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊருக்கு வெளிச்சத்தின்மேல் பரம்பரைப் பிரேமை ஒன்று உண்டு. ராபிள்ஸ் வந்திறங்கிய ஐந்தாம் வருஷமே, அதாவது 1824-ல், தேங்காயெண்ணெய் விளக்குகள் தெருவுக்கு வந்துவிட்டன; 1864-ல் வாயு விளக்கு; 1906-ல் மின்சார விளக்கு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு போட வந்த நேரத்தில்கூடத் தெருவிளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன என்பது சரித்திரம். அணைக்க வேண்டிய சமயத்தில்கூட அணையாத விளக்குகளை உடைய நகரத்தில் டார்ச் லைட் வியாபாரம் செய்கிறவன், காவிரிக்கரையில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவனைப் போல் நஷ்டப்பட்டிருக்க வேண்டும். அப்படி எவரும் நஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. காரணம், சிராங்கூன் வட்டாரத்துக் கடைகளில் விற்கப்படும் கைவிளக்குக்கு உரிய இருட்டு சிங்கப்பூரில் இல்லை. அது தஞ்சாவூர்ப் பக்கத்திலும் புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலும் இருக்கிறது.

சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தோடு ஊர் திரும்புகிறவன், கோடாலித் தைலம், கைலி, டார்ச் லைட் ஆகிய மூன்றும் இல்லாமல் வாசற்படி ஏறினால், அவன் கப்பலேறிய செய்தியையே ஊரார் சந்தேகிப்பார்கள். எங்கள் பெரியப்பா காலத்தில் ஒரு மனிதனுடைய அந்தஸ்தை நிலபுலத்தைக் கொண்டு அளந்ததோடு, அவனுடைய லைட்டில் எத்தனை பேட்டரிக் கட்டை போடலாம் என்பதைக் கொண்டும் அளந்தார்கள். இரண்டு கட்டை லைட்டுக்காரன் சாமானியன். மூன்று கட்டை வைத்திருப்பவர் பஞ்சாயத்தில் வாய் திறக்கலாம். ஐந்து கட்டை லைட்டோடு ஒருவர் இரவில் வரப்பின்மேல் நடந்து போனால், அவர் அதை வெளிச்சத்துக்காகக் கொண்டுபோகிறாரா, தடிக்குப் பிரதியாகவா என்பது எதிரே வருகிறவனுடைய நடத்தையைப் பொறுத்தது. வலு இழந்த கட்டைகளை முற்றத்தில் நெல்லோடு நெல்லாக வெயிலில் காயவைத்து மறுபடி உபயோகிப்பதும் வழக்கம். படித்தவர்கள் இதைக் கண்டு சிரித்தார்கள். ஆனால் சூடு பட்டால் கட்டைக்குள் நிகழும் ரசாயனக் கிரியை சற்று வேகங்கொள்ளும் என்பது மெய்யாதலால், அன்றிரவு மடையைத் திறந்துவிட்டு வீடு திரும்புமளவுக்கு ஆயுள் கிடைத்துவிடும். சிரித்தவர்களுக்கு வயல் இல்லை, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் வேடிக்கையைச் சற்று ஒதுக்கி வைக்கிறேன். 2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். கட்டுவிரியன் இராக்காலத்தில் உலாவும் பிராணி. வெறுங்காலோடு நடக்கிறவனுக்கு முன்னால் நான்கு முழ தூரம் வெளிச்சம் விழுந்தால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். அந்த நான்கு முழ வெளிச்சத்துக்கு இரண்டு வெள்ளி விலை என்றால், உலகத்தில் அதைவிட மலிவான ஆயுள் இன்ஷூரன்ஸ் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2012-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் வெளிமாவட்டங்களில் தினமும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவிய காலத்தில், என் மைத்துனன் தொலைபேசியில் க்ஷேமம் விசாரித்துவிட்டு, "அத்தான், வர்றப்ப லைட்டு ரெண்டு மூணு எடுத்துட்டு வாங்க. விலை கொறஞ்சதாவே இருக்கட்டும்" என்றான். உயர்ந்த ரகமாகவே வாங்கி வருகிறேனே என்றேன். "வேணாம் அத்தான். நல்ல லைட்டுன்னா மறுநாளே யாராச்சும் கேட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க, திரும்பி வராது. மட்டமான லைட்டை எவனும் கேக்கமாட்டான்" என்று அவன் சொன்ன பதிலில் அடங்கிய அர்த்த சாஸ்திரத்தை நான் எந்தச் சர்வகலாசாலைப் பாடப் புத்தகத்திலும் கண்டதில்லை.

மட்டமானதை வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால் அதிலும் ஆயிரம் தினுசு. சுங்கை ரோட்டில் பழம்பொருள் சந்தை இருந்தவரையில் — 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அது மூடப்பட்டது — அங்கே தரையில் துணி விரித்துக் கிழவர்கள் விற்ற டார்ச் லைட்டுகளைப் பட்டப்பகலில், உச்சி வெயிலில், சூரிய பகவானுக்கு எதிரில் எரித்துக்காட்டித்தான் விற்பார்கள். வாங்குகிறவர்களும் கண்ணை இடுக்கிக்கொண்டு கண்ணாடிக்குள் பார்த்து, திருப்தியோடு காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். டைசோ என்னும் ஜப்பானியக் கடை வந்த பிறகு எதற்கும் ஒரே விலை, இரண்டு வெள்ளி என்றாயிற்று. 2022 மே மாதத்திலிருந்து பொருள் சேவை வரியையும் அதன்மேல் சேர்க்கத் தொடங்கினார்கள். வரி 9 விழுக்காடாகிய 2024-லிருந்து அந்த இரண்டு வெள்ளி, இரண்டு வெள்ளி பதினெட்டுக் காசாக விளங்குகிறது. ஆயினும் ஜனங்கள் அதை இரண்டு வெள்ளிக் கடை என்றே சொல்லி வருகிறார்கள். வரியை மனத்தால் ஒப்புக்கொள்ளாதவர்களை எந்தச் சர்க்காராலும் என்ன செய்ய முடியும்?

ஆனால் உண்மையான கற்பனை வளத்தைத் தரிசிக்க விரும்புகிறவர்கள், லிட்டில் இந்தியாவின் சந்துகளில் கைப்பேசி உறையும் பயணப் பெட்டியும் டார்ச் லைட்டும் அக்கம்பக்கமாகத் தொங்கும் சிறு கடைகளுக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட கடை ஒன்றில், உள்ளங்கையில் அடங்கும் விளக்கொன்றை எடுத்து, "தம்பி, இது எத்தனை லூமன்?" என்று கேட்டேன்.

"பத்து லட்சம் ஐயா."

"யாரப்பா அளந்து பார்த்தது?"

"பெட்டியிலயே போட்டிருக்குங்களே ஐயா!"

அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிந்த சாஸ்திர விசுவாசத்தைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய நூறு வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சம் ஏறக்குறைய 1,500 லூமன். அந்தக் கணக்குப்படி, அவன் பதினைந்து வெள்ளிக்குக் கொடுக்கத் துணிந்த பண்டம் அறுநூறுக்கும் அதிகமான குண்டு பல்புகளைத் தன்னுள் அடக்கியது. அதைத் தேக்கா சந்தையின் கூரைமேல் நிறுத்திவிட்டால், தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை நெடுகிலும் அலங்கார வளைவுகள் கட்டும் செலவு முழுவதும் மிச்சமாகும். உள்ளே இருந்த லித்தியம் மின்கலம் 18650 என்ற வகையைச் சேர்ந்தது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதால் வந்த எண் அது. அந்த உடம்புக்குள் மிகச் சிறந்த உற்பத்தியாளர்களாலேயே 3,500 மில்லி ஆம்பியர் மணிக்கு அதிகமாக அடைப்பது பிரயாசை. இதன் மேலுறையிலோ 9,900 என்று கூசாமல் அச்சிட்டிருந்தது. விளக்கின் வெளிச்சத்தை எப்படி அளக்க வேண்டும், எவ்வளவு மங்கினால் ஆயுள் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு எஃப்எல் 1 என்ற நியமம் அமெரிக்காவில் 2009-லேயே வந்துவிட்டது. அதைப் பின்பற்றுகிறவர்களின் பெட்டியில் இருநூறு, முந்நூறு என்று பரிதாபகரமான எண்களே இருக்கும். சத்தியவந்தனின் கடையில் எந்தக் காலத்தில்தான் கூட்டம் சேர்ந்திருக்கிறது?

இத்தகைய விளக்குகளின் இன்னொரு விசேஷம் அவற்றின் பன்முகத் திறமை. ஒரே பொத்தானை முதல் முறை அமுக்கினால் பிரகாசம், அடுத்த முறை மந்தம், அதற்கடுத்து வெறிகொண்ட கண்சிமிட்டல், அதற்கும் அடுத்து மூழ்கும் கப்பல் உதவி கோரும் சமிக்ஞை. அர்த்தராத்திரியில் கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பைத் தேடுகிற கிழவன், இவை யாவற்றையும் கடந்துதான் சாதாரண வெளிச்சத்துக்குத் திரும்ப முடியும். எதிர்ப் புளோக்கில் விழித்திருக்கும் மாணவன் அதற்குள் நம்மைக் கடலில் தத்தளிப்பவராகக் கருதி மனம் பதறியிருப்பான். சிலவற்றின் பின்புறத்தில் இரும்பில் ஒட்டிக்கொள்ளக் காந்தமும், அதன் பக்கத்திலேயே திசையறி கருவியும் பதித்திருக்கிறார்கள். காந்தத்தின் அருகே குடிவைத்த ஊசி எந்தத் திசையைக் காட்டும் என்பதை வாசகர்களின் யூகத்துக்கு விடுகிறேன்.

இவ்வளவு பரிகாசம் செய்தாலும், ஒரு விஷயத்தில் நியாயம் வழங்க வேண்டும். மலிவு விளக்கில் மட்டமாக இல்லாதது, ஆச்சரியப்படும்படி, அதன் வெளிச்சமே. 1899-ல் நியூயார்க்கில் டேவிட் மைசெல் என்பவர் காப்புரிமை பெற்ற காகிதக் குழாய் விளக்கிலிருந்து நூறாண்டு காலம் டார்ச் லைட் என்பது, இழை அறுந்துபோகும் பல்போடு மல்லாடும் விவகாரமாகத்தான் இருந்தது. பிறகு ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவர் நீல ஒளி உமிழும் டையோடைச் சாத்தியமாக்கினார்கள். அந்த நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசினால் வெள்ளை வெளிச்சம். 2014-ல் இதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இரண்டு வெள்ளி பதினெட்டுக் காசுக்கு நாம் வாங்குவது பௌதிக சாஸ்திரத்தின் நோபல் பரிசையே. அதைச் சுற்றியுள்ள ஸ்விட்சும், சுருள்வில்லும், தகடும், நூலும் மட்டுமே இரண்டு வெள்ளிப் பெறுமானம் உள்ளவை.

அந்தச் சுருள்வில்லுக்குத்தான் சிங்கப்பூரில் கண்டம். ஊரில் தினசரி உழைக்கும் விளக்கு, கீழே விழுந்தும் நனைந்தும் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்கிறது. இங்கே அதே விளக்கு உத்தியோகமின்றி, பதுங்கறை என்ற பெயரில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கட்டப்பட்டுவரும் கான்கிரீட் அறைக்குள், பழைய மின்விசிறிக்கும் புதுவருஷத்து நாட்காட்டிகளுக்கும் இடையே படுத்துறங்குகிறது. உறங்கும்போது அதற்குள்ளிருக்கும் மின்கலம் மெள்ள மெள்ளச் செலவாகி, வாயு திரண்டு, அடைப்பு விட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரநீரைக் கக்குகிறது. ஈரம் நிறைந்த இந்தத் தீவின் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளை பூத்த வில்லும் பச்சை படர்ந்த தகடுமாக அது சிவலோகப் பதவி அடையும் செய்தி வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. இருட்டு வந்தால்தானே தெரியும்?

இருட்டு வராமலும் இல்லை. 2004 ஜூன் 29-ஆம் தேதி இந்தோனேசியாவிலிருந்து வரும் எரிவாயுவில் கோளாறு நேர்ந்து, சுமார் 3 லட்சம் வீடுகள் இரண்டு மணி நேரத்தளவு இருண்டன. 2018 செப்டம்பர் 18-ஆம் தேதி அதிகாலை 1.18 மணிக்கு மறுபடியும் மின்சாரம் போனது. எங்கள் புளோக்கும் அதில் சேர்த்தி. தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரின் பூஜை மாடத்துச் சிவப்பு பல்பு அணைந்திருந்தது. கோடி வீட்டு மலாய் அம்மையார் மெழுகுவர்த்தியோடு நின்றார். மற்ற அனைவர் கையிலும் ஆயிரம் வெள்ளி பெறும் கைப்பேசி, இரண்டு வெள்ளி டார்ச் லைட்டின் ஊழியத்தைச் செய்துகொண்டிருந்தது. "இத்தனை லைட்டு வாங்கி வச்சிருக்கீங்களே, ஒண்ணாச்சும் எரியுதா?" என்று என் மனைவி இருளிலிருந்து வினவினாள். பதில் தயாரிப்பதற்குள் 38 நிமிஷம் கழிந்து, வெளிச்சம் வந்து என்னைக் காப்பாற்றியது.

கைப்பேசி இருக்கையில் டார்ச் லைட் எதற்கு என்று வாதிக்கிறவர்கள், கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால் கசியும் குழாயைத் தம் புதுக் கைப்பேசியைப் பிடித்தபடி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். நெடுநேர இருட்டில் கைப்பேசியின் மின்சாரம் பேசுவதற்காகச் சேமிக்கப்பட வேண்டியது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையினரும் வீட்டில் ஆயத்தமாக வைக்கச் சொல்லும் அவசரப் பையில் மருந்து, விசில், முகக்கவசம் இவற்றோடு கைவிளக்கையும் மின்கலங்களையும் சேர்த்திருக்கிறார்கள். உயர்ந்த விலை விளக்கானாலும் கலத்தை உள்ளே போட்டு மறந்துவிட்டால் அதே கதிதான். ஆகையால் அதிகப் பணம் கொடுத்து இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது: மலிவு டார்ச் லைட்டைத் தாராளமாக வாங்கலாம். லட்சக்கணக்கில் லூமன் பேசாததாக, ஒரே பொத்தானில் எரிந்து அணைவதாக, எந்தக் கடையிலும் கிடைக்கும் ஏஏ அளவுக் கட்டை போடக்கூடியதாகப் பார்த்து எடுங்கள். விளக்கில் மிச்சம் பிடித்த காசை நல்ல மின்கலத்தில் செலவிடுங்கள். ஊருக்கு அனுப்புவதானால் கலத்தைப் போட்டே அனுப்புங்கள், அங்கே அதற்கு இன்றிரவே வேலை இருக்கிறது; ஆனால் தனி லித்தியம் கலங்களை மட்டும் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், விமான விதி அப்படி. சிங்கப்பூர் வீட்டிலே வைப்பதானால் கலத்தை விளக்கிலிருந்து வெளியே எடுத்து, இரண்டையும் ஒரே பையில் தனித்தனியாக இருத்துங்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15-ஆம் தேதி, முழுமைத் தற்காப்பு நாளன்று, மாலை 6.20க்குத் தீவெங்கும் சங்கு ஒலிக்கும். அப்போது கலத்தைப் போட்டு ஒருமுறை எரித்துப் பாருங்கள். எரியாவிட்டால் கடைகள் அன்றிரவு திறந்துதான் இருக்கும்.