காலுக்கும் தலைக்கவசம்: காப்புறுதி நிறுவனமொன்றின் மாண்புமிகு நட்டஈட்டுப் பிரிவுக்குத் தீவகத்திலிருந்து ஒரு பாடநூல் மடல்

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்கவசத்துக்கு இரண்டு வேலைகள். வீதியில் அது ஓட்டுபவரின் மண்டையைக் காக்கிறது. கந்தோரில் அது காப்புறுதி நிறுவனத்தின் பெட்டகத்தைக் காக்கிறது. முதலாவது வேலை நன்கு ஆராயப்பட்டது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வின்படி, ஹெல்மெற் அணிவதால் சாகும் அபாயம் ஏறத்தாழ 42 சதவீதமும் தலையில் காயப்படும் அபாயம் ஏறத்தாழ 69 சதவீதமும் குறைகின்றன. இரண்டாவது வேலையைப் பற்றிய முழு ஞானமும் மாண்புமிகு நட்டஈட்டுப் பிரிவினரிடமே குவிந்து கிடக்கிறது. அதை நூலாக்காமல் விட்டது அவர்களுடைய தன்னடக்கம். அந்தக் குறை இங்கே நிரப்பப்படுகிறது.

பிரிவினரின் உடற்கூற்றியலில் மனித உடல் என்பது தலை மட்டுமே. தோள் என்பது தாழ்ந்த தலை. முழங்கால் மடங்கக்கூடிய தலை. பாதம் செருப்புப் போட்ட தலை. இந்த உண்மை அண்மையில் வேலணையில் நிரூபணமானது. ஒழுங்கைக்குள்ளிருந்து பாராமல் வெளியே வந்த வான் ஒன்று நெடுந்தீவுக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை இடித்தது. இடக்காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தலையில் ஒரு கீறலும் இல்லை. தலைக்கவசம் உரிய முறையில் அணியப்பட்டமை உறுதியாகவில்லை என்று காரணம் காட்டி, வானின் காப்புறுதிக்காரர் நட்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் கடிதம் அனுப்பினார்கள்.

விளக்கம் கேட்க அவர் காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, ஊன்றுகோலோடு பஸ் ஏறி, சொன்னபடி ஹெல்மெற்றையும் ஒரு பையில் கொண்டு யாழ்ப்பாணம் போனார். உத்தியோகத்தர் அதை மேசையில் கவிழ்த்து வைத்து, நாடிப்பட்டியின் கொளுக்கியைப் பேனை நுனியால் தட்டிப் பார்த்தார். கீறல் இல்லை, ஆகவே தலையில் இருந்திருக்காது. கீறல் இருந்திருந்தால் அது பழசு, தரமில்லாதது. அடுத்து ஹெல்மெற் வாங்கிய பற்றுச்சீட்டுக் கேட்கப்பட்டது. "தம்பி, முறிஞ்சது கால்" என்றார் வந்தவர். "ஐயா, இந்தப் படிவத்தில காலுக்கு இடமில்லை" என்று பணிவாகப் பதில் வந்தது. பின்னேர வள்ளத்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் விவாதம் அத்துடன் முடிந்தது.

இலங்கைச் சட்டம் இந்த உடற்கூற்றியலை இன்னும் கற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் (1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) ஹெல்மெற்றைக் கட்டாயமாக்குகிறது. அதை மீறுவது குற்றம். அதற்குத் தண்டம் உண்டு. தண்டம் வேறு, நட்டஈடு வேறு. நட்டஈட்டைக் குறைக்கும் விதி 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. காயப்பட்டவரின் கவனயீனமும் சேதத்துக்குக் காரணமானால், அந்தச் சேதத்தில் அவருக்குரிய பொறுப்பின் அளவுக்கு நீதிமன்றம் தொகையைக் குறைக்கலாம். கவனயீனம் இருந்தது என்று சொல்பவரே அதை நிரூபிக்கவும் வேண்டும். ஹெல்மெற் இல்லாமல் ஓடி மண்டை உடைந்தவரின் தொகை குறைவதில் அநியாயம் ஒன்றுமில்லை. கால் முறிந்தவரின் தொகையைக் குறைப்பதென்றால், காலில் ஹெல்மெற் மாட்டியிருந்தால் எலும்பு தப்பியிருக்கும் என்று நிறுவ வேண்டும். பிரிவினரின் திறமைக்கு அதுவும் பெரிய காரியமல்ல.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் இந்த வழியில் முன்பே நடந்து பார்த்திருக்கின்றன. அவற்றின் தீர்ப்புகள் இலங்கையைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் தர்க்கத்துக்குக் கடல் தடையில்லை. ஓகொனல் எதிர் ஜக்சன் வழக்கில் ஹெல்மெற் அணியாத மொபெட்காரருக்கு 15 சதவீதம் குறைந்தது. கப்ஸ் எதிர் மில்லர் வழக்கில் ஹெல்மெற் இருந்தது, பட்டி பூட்டப்படவில்லை; 10 சதவீதம் குறைந்தது. இரண்டும் தலைக்காய வழக்குகள். பிரிவினருக்கு மிக உதவக்கூடியது ஃபுறூம் எதிர் புச்சர் என்ற 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அது கார் இருக்கைப்பட்டியைப் பற்றியது. பட்டி போட்டிருந்தால் காயமே வந்திராது என்றால் 25 சதவீதம், காயம் குறைந்திருக்கும் என்றால் 15, எந்த வித்தியாசமும் இருந்திராது என்றால் ஒன்றுமில்லை என்று நீதிபதி டெனிங் பிரபு அளவு வகுத்தார். அந்த வழக்குக்காரருக்குத் தலையிலும் மார்பிலும் காயம், ஒரு விரலும் முறிந்திருந்தது. பட்டி போட்டிருந்தாலும் விரல் முறிந்திருக்கும் என்பதால் விரலுக்குரிய பணம் குறைக்கப்படவில்லை. விரலும் தலைதான் என்பதை டெனிங் பிரபுவுக்கு எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லாமல் போயிற்று.

தாமதமும் இந்தத் துறையின் ஓர் அங்கம். இத்தகைய நட்டஈட்டு வழக்கை 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பற்றுச்சீட்டுக்கு ஒரு கடிதம், பட்டிக்கு ஒரு கடிதம், கையொப்பம் சரியில்லை என்று ஒரு கடிதம் என்று போனால் இரண்டு வருடம் தானாகவே கரையும். இது மோசடி. ஊன்றுகோலோடு வள்ளத்தில் இறங்கி ஏற முடியாதவன் களைத்துப்போய் விடுவான் என்று தெரிந்தே செய்யப்படுகிறது. எனினும் பிரிவினர் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் தாளும் உயர்தரமானது என்பதைப் பதிவுசெய்யாமல் விடுவது நன்றிகெட்டதனம்.

தீவகத்தில் ஹெல்மெற்றின் உண்மையான பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. நெடுந்தீவில் மண்டை அடிபட்டால் காயக்காரரைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. கடலில் அது ஓடாது. காற்று மாறினால் படகும் காத்திருக்கும். நெடுந்தீவில் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே வரும் கட்டாக்காலிக் குதிரைகளுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கிடையாது. குதிரையில் மோதியவர் யாரிடமும் கேட்க முடியாது. தன்னுடைய வண்டிக்கு எடுத்த மூன்றாந்தரப்புக் காப்புறுதியும் அவருக்கு உதவாது, ஏனெனில் அது மற்றவர்களுக்காக எடுக்கப்படுவது. ஆகவே தீவகத்தார் ஹெல்மெற் போடுவது உயிருக்காக, அதுவும் கொளுக்கியைப் பூட்டி. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெற்றை 2015இல் பொலிசார் தடைசெய்யப் புறப்பட, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. பிரிவினரைக் கேட்டிருந்தால் பாதம்வரை மூடுவதைக் கட்டாயமாக்கியிருப்பார்கள்.

எஞ்சியிருப்பது ஒரு விண்ணப்பம். ஹெல்மெற்றைக் காரணம் காட்டித் தொகையைக் கழிக்கும்போது, எந்தக் காயத்துக்காக, எந்த வைத்திய அறிக்கையின்படி, எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதைப் பிரிவினர் கோரிக்கையாளருக்கு விளங்கும் தமிழில் எழுத்தில் தரவேண்டும். தராதவிடத்து, கோரிக்கையாளர் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் முடியுமுன் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு வழக்கைப் பதியவேண்டும். வேலணை விபத்தில் முறிந்தது இடக்கால். கழித்த மூன்றில் ஒரு பங்கு திருப்பித் தரப்பட வேண்டும்.