மேகம் மறைத்த உதயம்: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

கன்னியாகுமரிக்குச் சூரியோதயம் பார்க்கப் போய், மேகம் பார்த்துத் திரும்பியவர்களின் மனநிலைக்குத் தமிழ் ஆய்வுலகம் உரிய மரியாதை தரவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். ஆனால் நாலரை மணிக்கு எழுந்து, தூங்கும் பிள்ளையையும் எழுப்பி, லாட்ஜ் மொட்டைமாடியில் துண்டைப் போர்த்தி நின்று, ஆறரைக்குச் சாம்பல் நிறத்தை மட்டும் கண்ட ஒருவரை எதில் சேர்ப்பது? அழுகை எனலாம், கண்ணீர் இல்லை. வெகுளி எனலாம், எதிரில் ஆள் இல்லை. இளிவரல் ஓரளவு பொருந்துகிறது. அடுத்த மாடியில் நிற்பவருக்கும் அதே முகம் என்பதால் அதுவும் முழுதாகத் தேறவில்லை.

களத்தில் கண்டது இது. கிழக்கே கடலும் மேகமும் ஒட்டிக்கிடக்கின்றன. “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்ற வாக்கியம் இருபத்தைந்து நிமிடத்துக்குச் செல்லுபடியாகிறது. 133 அடி வள்ளுவர் தெளிவாகத் தெரிகிறார். அவரைப் பார்க்க யாரும் நாலரைக்கு எழவில்லை. ஏழு மணிவாக்கில் மேகத்தின் மேல்விளிம்பில் சூரியன் வருகிறது, கண் கூசும் வெள்ளையாக. அதை உதயம் என்று ஒப்புக்கொள்வார் இல்லை.

அடுத்தது குற்றஞ்சாட்டுப் படலம். கதவைத் தட்டி எழுப்பிய ரூம்பாய், லீவு போட்ட மாதம், “மதுரையோட திரும்பியிருக்கலாம்” என்று முன்னமே சொன்ன மாமியார் என்று வரிசை நீள்கிறது. பஸ் தாமதமானால் கண்டக்டர் இருக்கிறார். மேகத்துக்குப் புகார்ப் புத்தகம் கிடையாது. திட்ட ஆள் தீர்ந்த இடத்தில்தான் பொறுமை தொடங்குகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். கன்னியாகுமரியில் அதற்கு இரண்டு டீ ஆகிறது. டீக்கடைக்காரர் “நேத்து சூப்பரா தெரிஞ்சுது சார்” என்று சொல்லிவிட்டால் மூன்று.

கருதுகோளைச் சோதிக்க ஒரு பழைய நோயாளி இருக்கிறார்: கியோம் லெ ஜாந்தி, பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளி கடப்பதைக் கவனித்துச் சூரியனின் தொலைவைக் கணக்கிட, 1760இல் பாண்டிச்சேரிக்குக் கப்பலேறினார். வழியிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரத்தை எப்படி நம்புவது? எட்டு வருடம் கழித்து மறுபடி கடக்கும் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார்.

1768இல் பாண்டிச்சேரி வந்து, ஆய்வுக்கூடம் கட்டி, அடுத்த ஆண்டு ஜூன் 4 காலைக்குக் காத்திருந்தார். அவருக்கும் வேண்டியிருந்தது சோழமண்டலக் கரையில் ஒரு சூரியோதயம்தான். முந்தைய காலைகளெல்லாம் பளிச். அன்று மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடிந்தபின் வானம் வெளுத்தது. அவர் முதலில் தங்க நினைத்த மணிலாவிலோ அன்று வானம் நிர்மலம்! பாண்டிச்சேரியே மேல் என்றது பாரிஸ் அறிவியல் கழகம். அதாவது இவருக்குத் திட்ட ஆள் இருந்தது. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மேல் பேனா பிடிக்க முடியவில்லை போலும். கருதுகோள் நிற்கிறது.

அந்தப் பாண்டிச்சேரி வாசத்தில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் சுவையானது. உள்ளூர்த் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்றார். அவர் அங்கே வருமுன்பே நடந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவில் பேர்போன டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிச் சொன்னது. தொலைநோக்கியோடு வந்தவர் இதை மறைக்காமல் பதிவு செய்தார். 1771இல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக எண்ணி வாரிசுகள் சொத்துப் பிரிக்கத் தயாராயிருந்தார்கள்; அந்த வழக்கு தனி ஆய்வுக்குரியது.

மீண்டும் களம். மாலையில் அதே குடும்பம் கலர் மண் பாக்கெட்டுகளோடு லாட்ஜ் படியேறுகிறது. வரவேற்பறையில் அப்போதுதான் பெட்டியை இறக்கிய ஒருவர் கேட்கிறார்: “இங்க சன்ரைஸ் நல்லா தெரியுமா சார்?”

காலையில் துண்டு போர்த்தி நின்றவர் ஒரு நொடி யோசித்தார். “இன்னைக்கு சூப்பரா இருந்துச்சே!”